2147483647: முப்பத்தொரு ஒன்றுகளால் ஆன பகா எண் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதுபவர்கள் இந்த எண்ணைப் பெரும்பாலும் ஒரு பிழையில்தான் முதலில் பார்க்கிறார்கள். எனக்கும் அப்படித்தான். ஏறிக்கொண்டே போன ஒரு கூட்டுத்தொகை திடீரென்று கழித்தல் குறியோடு வந்து நின்றது. காரணத்தைத் தேடிப் போனபோது 2147483647 கிடைத்தது. அது ஒரு பகா எண் என்பதும், அதை நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த எண்ணின் மேல் எனக்குள்ள பிரியம் குறையவில்லை. இதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? இதில் என்ன சிறப்பு?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பத்து இலக்கம். பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாது.

இரும முறையில் எழுதினால்தான் இதன் முகம் தெரியும்: 1111111111111111111111111111111. முப்பத்தொரு ஒன்றுகள், வேறு எதுவும் இல்லை. 2-ஐ 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, அதாவது 2³¹ − 1. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த வடிவம்தான். அந்தக் காலத்தில் கையால் இதைச் சோதிக்க முடிந்ததும், இன்று கணினிக்கு இது வசதியாக இருப்பதும் இந்த வடிவத்தால்தான்.

மெர்சென் பகா எண் என்றால் என்ன?

2-ஐ ஏதோ ஓர் அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்து வரும் எண் பகா எண்ணாகவும் இருந்தால் அது மெர்சென் பகா எண். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 என்று வரும் வரிசையில் 2147483647 எட்டாவது.

அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். அடுக்கு 15 என்றால் அதற்குள் 3-ம் 5-ம் இருக்கின்றன; அதனால் 2¹⁵ − 1 என்ற எண்ணை 7-ம் 31-ம் வகுத்துவிடும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இங்கே பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

2³¹ − 1 பகா எண் என்று முதலில் சொன்னவர் யார்?

சொன்னவர் வேறு, நிரூபித்தவர் வேறு. இத்தாலியக் கணித அறிஞர் கட்டால்டி 1603இல் வெளியிட்ட பட்டியலில் 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளுக்கும் பகா எண் வரும் என்று எழுதினார். நான்கில் 31 மட்டுமே சரி. 23-ம் 37-ம் தவறு என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640இல் காட்டினார்: 2²³ − 1-ஐ 47 வகுக்கும், 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும். 29 தவறு என்று ஆய்லர் 1738இல் காட்டினார். அதை 233 வகுக்கும்.

பிரெஞ்சுத் துறவி மரான் மெர்சென் 1644இல் தன் பட்டியலை வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67-ம் 257-ம் தவறு. 61, 89, 107 விடுபட்டுவிட்டன. 31 இதிலும் சரியாகவே இருந்தது. ஆனால் கட்டால்டியிடமும் மெர்சென்னிடமும் 31-க்கு நிரூபணம் இல்லை.

நிரூபணம் 1772இல் வந்தது. ஆய்லர் பெர்னூலி என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அது வெளியானது. அப்போது ஆய்லருக்கு வயது அறுபத்தைந்தை நெருங்கியிருந்தது. இரண்டு கண்களிலும் பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்தது. அந்த நிலையில் பத்து இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று உறுதிசெய்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். 1876இல் எடுவார் லூக்கா 2¹²⁷ − 1-ஐக் கண்டறியும் வரை, 104 ஆண்டுகள், இதைவிடப் பெரிய மெர்சென் பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது.

கணினி இல்லாமல் ஆய்லர் எப்படிச் சரிபார்த்தார்?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். இங்கே வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குக் கீழே 4,792 பகா எண்கள் இருக்கின்றன. 4,792 நீள் வகுத்தல் என்பது மனிதரால் முடியாததல்ல, ஆனால் வாழ்நாளை வீணாக்கும் வேலை. ஆய்லர் முதலில் வகுக்கவில்லை. வகுக்கும் தகுதி எந்த எண்களுக்கு இருக்கிறது என்று யோசித்தார்.

2³¹ − 1-ஐ வகுக்கும் ஒரு பகா எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 'வ' என்போம். 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றையும் 'வ'-வால் வகுத்து மீதியைக் குறித்தால், 31ஆம் அடியில் மீதி 1 வரும். அதன்பின் மீதிகள் சுற்றிச் சுற்றி அதே வரிசையில் வரும். 31 பகா எண் என்பதால் அந்தச் சுற்றின் நீளம் 1 அல்லது 31. 1 என்பது நடக்காது, ஆகவே 31. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (வ − 1)ஆம் அடியிலும் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படியானால் வ − 1 என்பது 31-இன் மடங்கு. 'வ' ஒற்றைப்படை எண் என்பதால் வ − 1 இரட்டைப்படை. ஆகவே 'வ' 62-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான எண்: 63, 125, 187, 249 என்று.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது, 'வ'-வின் மீதி உலகத்தில் 2 ஒரு வர்க்க எண். அப்படி இருக்க வேண்டுமானால் 'வ'-வை 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டு சல்லடைகளையும் சேர்த்தால் இரண்டே வகை எண்கள் மிஞ்சும்: 248-இன் மடங்கோடு 1 கூட்டியவை, 248-இன் மடங்கோடு 63 கூட்டியவை.

46,340 வரை இவற்றை எண்ணினால், 63-ஐ விட்டுவிட்டு, 372 எண்கள்தான். அவற்றிலும் பாதிக்கு மேல் பகு எண்கள்: 249 = 3 × 83, 497 = 7 × 71, 559 = 13 × 43 என்று கழன்றுபோகும். உண்மையில் வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண் 311.

அதையும் நீள் வகுத்தல் இல்லாமலே பார்க்கலாம். 2¹⁰ = 1024, 311-ஆல் வகுத்தால் மீதி 91. அதை வர்க்கமாக்கினால் 2²⁰-க்கு 8281, மீதி 195. அதை 91-ஆல் பெருக்கினால் 2³⁰-க்கு 17745, மீதி 18. இரட்டித்தால் 2³¹-க்கு மீதி 36. ஒன்றைக் கழித்தால் 35. பூஜ்ஜியம் வரவில்லை, ஆகவே 311 வகுக்காது. இப்படி ஒவ்வொன்றாகப் போய்ப் பட்டியல் முடியும் வரை ஒன்றுகூட வகுக்கவில்லை என்றால் நிரூபணம் முடிந்தது.

இன்றைக்கு எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

லூக்கா–லேமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு பூஜ்ஜியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண்.

31-க்குச் செய்து பார்ப்போம். 31 = 2⁵ − 1, ஆகவே மூன்று தடவை. 4 → 14 → 194, அதாவது மீதி 8 → 62, அதாவது மீதி 0. பகா எண். 127-க்கு ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் அந்தப் பூஜ்ஜியம் வந்து விழும் இடம், கையால் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

2147483647-க்கு 29 தடவை போதும். ஆய்லரின் 372 எங்கே, இது எங்கே!

இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் செவ்விய எண் எது?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருக்கும் எண் செவ்விய எண். 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே அப்படித்தான் வரும் என்று ஆய்லர் காட்டினார். 2³⁰-ஐ 2147483647-ஆல் பெருக்கினால் எட்டாவது செவ்விய எண் வரும்: 2305843008139952128.

1811இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய செவ்விய எண் இனிக் கிடைக்காது என்று எழுதினார். இவை வெறும் ஆர்வத்துக்கானவை, பயன் இல்லாதவை, எனவே யாரும் மேற்கொண்டு தேட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். கணிதத்தைவிட மனிதர்களைத்தான் அவர் தவறாகக் கணித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். லூக்காவின் 1876ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பும், 1883இல் பெர்வூஷின் உறுதிசெய்த 2⁶¹ − 1-உம் இதைவிடப் பெரிய செவ்விய எண்களைத் தந்தன.

கணினியில் இந்த எண் ஏன் அடிக்கடி வருகிறது? பகா எண் என்பதாலா?

இல்லை. கணினியில் ஓர் இரும இலக்கத்துக்குப் பெயர் பிட். 32 பிட் இடத்தில் ஒரு பிட்டைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் எண்ணுக்கு 31 பிட் மிஞ்சும். அந்த 31-லும் ஒன்றைப் போட்டால் கிடைக்கும் மிகப் பெரிய எண் இது. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் −2147483648 வரும். நான் தொடக்கத்தில் சொன்ன கழித்தல் குறிக்குக் காரணம் இதுதான்.

இது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 8 பிட்டில் உச்சம் 127, பகா எண். 16 பிட்டில் 32767 = 7 × 31 × 151, பகு எண். 64 பிட்டில் 2⁶³ − 1, அதையும் 7 வகுக்கும். 128 பிட்டில் 2¹²⁷ − 1, மறுபடி பகா எண். குறிக்கு இடம் ஒதுக்காமல் 32 பிட்டையும் எண்ணுக்கே கொடுத்தால் வரும் 2³² − 1 ஐந்து துண்டாக உடையும்: 3 × 5 × 17 × 257 × 65537. ஒரே ஒரு பிட் கூடியதும் உடையாத எண் இப்படிச் சிதறிவிடுகிறது.

2038 சிக்கல் என்பது இதனால்தானா?

ஆம். பல கணினி அமைப்புகள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளாக நேரத்தை எண்ணுகின்றன. 2147483647ஆவது நொடி, உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. 32 பிட்டில் எண்ணும் கருவிக்கு அடுத்த நொடி 1901 டிசம்பர் 13 ஆகிவிடும். தீர்வு 64 பிட்டுக்கு மாறுவது. புதிய அமைப்புகள் பெரும்பாலும் மாறிவிட்டன. பழைய உட்பொதிந்த கருவிகள்தான் கவலைக்குரியவை.

அப்படியானால் பகா எண்ணாக இருப்பதால் இதற்குப் பயனே இல்லையா?

நிறைய உண்டு. சமவாய்ப்பு எண்கள் உருவாக்குவதைச் சொல்கிறேன்.

மேலே சோதனையில் பெயர் வந்த அதே டி. எச். லேமர்தான் இந்த முறையையும் தந்தவர். ஓர் எண்ணை எடு, நிலையான ஓர் எண்ணால் பெருக்கு, ஒரு பெரிய எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள், திரும்பச் செய். 1988இல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் பெருக்கும் எண்ணாக 16807-ஐயும், வகுக்கும் எண்ணாக 2147483647-ஐயும் பரிந்துரைத்தார்கள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க அவர்களே ஒரு வழியும் சொன்னார்கள்: 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் தடவை செய்தால் 1043618065 வர வேண்டும்.

ஏன் 16807? அது 7⁵. 7-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி மீதி எடுத்தால், 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களும் ஒன்று விடாமல் ஒரு முறை வந்த பிறகுதான் சுற்று முடியும். இந்தக் குணம் உள்ள மிகச் சிறிய எண் 7. 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331; இதில் 5 இல்லை, ஆகவே 7⁵-க்கும் அதே குணம் உண்டு. இப்படி எல்லா எண்களையும் தொடும் முழுச் சுற்று அமைவதற்கு, வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பது அவசியம்.

2-ஐப் பெருக்கும் எண்ணாக வைத்தால்? படுதோல்வி. இந்த எண்ணின் மீதி உலகத்தில் இரட்டிப்பது என்றால், 31 பிட்டுகளில் இடது கோடியில் இருப்பதை எடுத்து வலது கோடியில் வைப்பது, அவ்வளவுதான். 31 தடவை சுழற்றினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்.

மீதி எடுப்பதும் எளிது. 9-ஆல் வகுத்தால் வரும் மீதிக்கு இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே கதைதான். 9 என்பது பத்தைவிட ஒன்று குறைவு, இது 2³¹-ஐவிட ஒன்று குறைவு. 500 கோடியை எடுங்கள். அதில் 2147483648 இரண்டு தடவை இருக்கிறது, மிச்சம் 705032704. அந்த இரண்டை மிச்சத்தோடு கூட்டினால் 705032706, அதுதான் மீதி. வகுத்தலே வேண்டாம். 32 பிட் கணினிகளில் பைத்தான் மொழி எண்களுக்குச் சுருக்க முத்திரை (hash) இடுவதற்கும் இதே பகா எண்ணைப் பயன்படுத்துகிறது. 64 பிட்டில் 2⁶¹ − 1.

ஒரு எச்சரிக்கை: இந்த வரிசையில் ஓர் எண் தெரிந்தால் அடுத்தது எல்லாம் தெரிந்துவிடும். கடவுச்சொல் போன்ற ரகசியங்களுக்கு இதைத் தொடவே கூடாது.

இதை ரகசியக் குறியீட்டுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது, மிகச் சிறியது. ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறையின் 2048 பிட் சாவியில் இருக்கும் இரண்டு பகா எண்களும் ஒவ்வொன்றும் 300 இலக்கத்துக்கு மேல். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த 2⁵²¹ − 1, நீள்வட்ட வளைவுக் குறியீட்டுத் தரம் ஒன்றில் பயன்படுகிறது. காரணம் மேலே பார்த்த அதே வசதிதான்.

இதற்கு அக்கம்பக்கத்தில் பகா எண்கள் உண்டா? இது இரட்டைப் பகா எண்ணா?

இரண்டு வித்தியாசத்தில் இன்னொரு பகா எண் இருந்தால்தான் இரட்டை; இது இரட்டை இல்லை. 2147483645 ஐந்தில் முடிகிறது. 2147483649-இன் இலக்கங்களைக் கூட்டினால் 48, ஆகவே 3 வகுக்கும். வகுத்தால் வரும் 715827883 ஒரு பகா எண் என்பது தனி அழகு. முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. பகா எண்களை 2-இலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தால் 2147483647-க்குக் கிடைக்கும் இடம் 10,50,97,565.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா?

முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எந்த எண்ணையும் அப்படி எழுத முடியாது.

இதையே அடுக்காக வைத்தால் இன்னொரு பகா எண் வருமா?

நியாயமான ஆசை. 31-உம் 2⁵ − 1 தானே? அதை அடுக்காக வைத்துத்தான் 2147483647 வந்தது. இப்படி மெர்சென் பகா எண்ணையே அடுக்காக வைத்து வரும் பகா எண்கள் நான்குதான் இதுவரை தெரியும்: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1.

ஆனால் 2147483647-ஐ அடுக்காக வைத்தால் வரும் எண் பகு எண். அறுபத்து நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட அந்தப் பூதத்தை 295257526626031 என்ற எண் மீதியின்றி வகுத்துவிடுகிறது. ஆய்லரின் விதி இங்கேயும் பிசகவில்லை: அந்த வகுத்தியில் ஒன்றைக் கழித்தால் 2 × 68745 × 2147483647.

இன்றைக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் எது?

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. இலக்கங்கள் 4,10,24,320. 1996இல் தொடங்கிய கூட்டுத் தேடல் திட்டம் ஒன்றின் வழியே கிடைத்தது. கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் இது 52ஆவது. எல்லாவற்றிலும் பெரிய பகா எண் என்று ஒன்று கிடையாது என்பதை யூக்ளிட் அன்றே காட்டிவிட்டார்.

நானே கையால் கொஞ்சம் முயன்று பார்க்கலாமா?

கட்டாயம் பாருங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும். 311 மேலே முடிந்துவிட்டது. பட்டியலில் அடுத்த பகா எண் 1303. 1024 என்பதை 1303-இலிருந்து 279 குறைவு என்று எழுதிக்கொண்டால் கணக்கு சுருங்கும். 279-ஐ வர்க்கமாக்கினால் 77841, மீதி 964. இது 339 குறைவு. 279 × 339 = 94581, மீதி 765. இரட்டித்தால் 1530, மீதி 227. ஒன்றைக் கழித்தால் 226. 1303-உம் வகுக்கவில்லை.

அடுத்தது 1489. அதை உங்களுக்கு விட்டுவிடுகிறேன்; கடைசி மீதி 199 வர வேண்டும்.